முற்றுகைக்கு நடுவே வாங்கிய நிலம்

வணக்கம் மக்களே, எல்லாருக்கும் ஸ்தோத்திரம். களியக்காவிளையிலிருந்து பனச்சமூடு போகிற பக்கமாக ரோட்டோரம் நின்று பேசுகிறேன். வண்டிச் சத்தம் கொஞ்சம் கேட்கும். இன்றைக்கு ஒரே ஒரு விஷயம்தான் பேசப் போகிறேன். உலகம் இப்படிக் கிடக்கும்போது ஒரு கிறிஸ்தவர் எதை வைத்து நம்பிக்கையோடு இருக்கிறார்?

நம்ம பக்கத்தில் பிள்ளைகளை வளைகுடாவுக்கு அனுப்பிவிட்டு இருக்கிற வீடுகள் நிறைய. அங்கே எங்காவது ஒரு குண்டு விழுந்தால் இங்கே அம்மாக்களுக்கு அன்று ராத்திரி தூக்கம் கிடையாது. இன்னொரு பக்கம் கடலுக்குப் போனவரைக் காத்துக்கொண்டு இருக்கிற வீடுகள். கடன், வேலை இல்லாத பிள்ளை, ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கிற ஸ்கேன் ரிப்போர்ட். இதையெல்லாம் சுமந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வருகிறவரிடம் "எல்லாம் சரியாகிவிடும், ஜெபம் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். ஜெபம் பண்ணச் சொல்வது சரிதான். ஆனால் அவ்வளவு வேகமாகச் சொல்லக் கூடாது என்று நினைக்கிறேன். வேதாகமம் அவ்வளவு வேகமாகச் சொல்வதில்லை. 88ஆம் சங்கீதத்தை வாசித்துப் பாருங்கள். ஆரம்பத்திலிருந்து கடைசி வரை அழுகைதான், முடிவில்கூட விடிவு வராமல் இருளிலேயே நின்றுவிடுகிறது. அதையும் நம் முன்னோர்கள் ஜெபப் புத்தகத்தில் வைத்துக் காப்பாற்றித் தந்திருக்கிறார்கள். அப்படியானால் அழுகிறவர் விசுவாசம் குறைந்தவர் இல்லை.

ஜனவரி ஒன்றாம் தேதி எடுக்கிற வாக்குத்தத்த அட்டை எல்லார் வீட்டுச் சுவரிலும் இருக்கும். அதில் அடிக்கடி வருகிற வசனம் எரேமியா 29:11. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்." எனக்கும் மிகவும் பிடித்த வசனம். ஆனால் அட்டையில் அதற்கு முந்தின வசனம் வராது. பத்தாம் வசனத்தில் 70 வருஷம் என்று இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறை கொண்டு போகப்பட்ட ஜனங்களுக்கு எரேமியா எழுதி அனுப்பிய கடிதம் அது. சீக்கிரமே திரும்பி வந்துவிடுவீர்கள் என்று வேறு தீர்க்கதரிசிகள் சொல்லிக்கொண்டு இருந்தபோது, இவர் 70 வருஷம் என்று எழுதுகிறார். அதைக் கேட்ட பெரியவர்களில் பலர் ஊர் திரும்பியிருக்கவே முடியாது. அதே கடிதத்தில், வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் பண்ணி வையுங்கள், உங்களைச் சிறைபிடித்த அந்தப் பட்டணத்துக்காகவும் ஜெபம் பண்ணுங்கள் என்று இருக்கிறது. இவ்வளவையும் சேர்த்து வாசித்தால்தான் பதினோராம் வசனத்தின் கனம் தெரியும்.

அப்புறம் 32ஆம் அதிகாரம். இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

சிதேக்கியா ராஜாவின் பத்தாம் வருஷம், கி.மு. 587ஐ ஒட்டிய காலம். பாபிலோன் சேனை எருசலேமைச் சுற்றி வளைத்து நிற்கிறது. உள்ளே பஞ்சம். எரேமியா காவல் வீட்டு முற்றத்தில் அடைபட்டுக் கிடக்கிறார். அவரை அடைத்தது எதிரி இல்லை, சொந்த ராஜா. பட்டணம் விழப் போகிறது என்று உண்மையைச் சொன்னதுதான் குற்றம். அந்த நேரத்தில் பெரியப்பா மகன் அனாமெயேல் வந்து, "ஆனதோத்தில் இருக்கிற என் நிலத்தை நீ வாங்கிக்கொள், மீட்கிற உரிமை உனக்குத்தான்" என்கிறார். ஆனதோத் எருசலேமிலிருந்து நடந்து போகிற தூரம். அந்தப் பக்கமெல்லாம் எதிரிப் படை. அந்த நிலத்தை வாங்கி யார் என்ன செய்வது? நம்ம ஊரில் ஒரு புரோக்கர்கூட எட்டிப் பார்க்க மாட்டார்.

எரேமியா வாங்கினார். 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்தார். பத்திரம் எழுதி, முத்திரை போட்டு, சாட்சிகளைக் கையெழுத்துப் போட வைத்தார். முத்திரையிட்ட பத்திரம் ஒன்று, திறந்த பிரதி ஒன்று. இரண்டையும் தன் எழுத்தர் பாருக்கிடம் கொடுத்து, நெடுநாள் கெடாமல் இருக்கும்படி மண்பாண்டத்தில் போட்டு வைக்கச் சொன்னார். இந்த தேசத்தில் மறுபடியும் வீடும் நிலமும் திராட்சத்தோட்டமும் வாங்குவார்கள் என்பது கர்த்தரின் வார்த்தை. அந்த வார்த்தைக்காகக் கைக்காசைக் கொடுத்தார்.

எல்லாம் முடிந்த பிறகுதான் ஜெபம் பண்ணுகிறார். அந்த ஜெபத்தைக் கவனியுங்கள். பட்டணம் கல்தேயர், அதாவது பாபிலோன்காரர் கையில் போகிறது, இந்த நேரத்தில் நிலத்தை வாங்கச் சொன்னீரே ஆண்டவரே என்று கேட்கிறார். அவருக்கும் புரியவில்லை. புரியாமலேயே பத்திரம் போட்டுவிட்டார். அடுத்த வருஷம் பட்டணம் விழுந்தது. எரேமியா அந்த நிலத்தில் ஒரு நாள் இறங்கி வேலை செய்ததாக வேதாகமத்தில் இல்லை. கடைசியில் அவரை எகிப்துக்குக் கொண்டு போய்விட்டார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு 2017 நவம்பர் 30 நினைவுக்கு வந்தது. ஒக்கி புயல். கடற்கரைக்கு இந்தப் பக்கம், மேட்டு நிலத்தில் இருக்கிற நமக்கு அது ரப்பரும் வாழையும் விழுந்த நாள். பல ஊர்களில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. ஒரு தலைமுறை உழைப்பு ஒரே நாளில் சாய்ந்து கிடந்தது. ரப்பர் தை, அதாவது கன்று நட்டால் பால் வெட்ட ஆறேழு வருஷம் ஆகும். இது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்படியிருந்தும் அடுத்த மழைக்கு எத்தனையோ பேர் குழி எடுத்துத் தை நட்டார்கள். அதில் வயதானவர்களும் உண்டு. யாருக்காக நட்டார்கள்? தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி பக்கம் நடந்தது இதைவிடப் பெரிய துக்கம். ஆழ்கடலுக்குப் போன ஆண்கள் திரும்பி வரவில்லை. சில படகுகள் லட்சத்தீவிலும் மகாராஷ்டிராவிலும் கரை சேர்ந்தன. பல வீடுகளுக்குப் புதைக்க ஓர் உடல்கூடக் கிடைக்கவில்லை. நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாளில் மற்றவர்கள் கல்லறையில் பூ வைத்துத் திரி ஏற்றுவார்கள். இவர்கள் எங்கே போய் நிற்பார்கள்? இதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தச் சகோதரிகளிடம் பதில் மாதிரி ஒன்றைச் சொல்வதும் எனக்குப் பாவமாகத் தோன்றுகிறது.

ஆனால் அந்த ஜனங்கள் ஜெபமாலையோடு மட்டும் உட்கார்ந்திருக்கவில்லை. தேடச் சொல்லி டிசம்பர் 7ஆம் தேதி ஆயிரக்கணக்கில் நடந்து வந்து குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். தங்கள் படகுகளை எடுத்துக்கொண்டு தாங்களே தேடவும் போனார்கள். ஜெபம் வேறு, போராட்டம் வேறு என்று அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை. நம்பிக்கை இல்லாதவர் தேடச் சொல்லிக் கேட்க மாட்டார்.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துச் சரித்திரமே அப்படித்தான். திருவிதாங்கூர் காலத்தில் நம் பாட்டிமார் மேலே துணி போட்டு நடக்கவே போராட வேண்டியிருந்தது. 1820களில் ஆரம்பித்த போராட்டம் அது. 1859இல்தான் நாடார் பெண்கள் மேலுடம்பை மறைத்துக்கொள்ள அரசு உத்தரவு வந்தது. அதுவும் உயர்ந்த சாதிப் பெண்கள் மாதிரி உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. ஆரம்பத்தில் அடி வாங்கியவர்களில் எத்தனை பேர் அந்த உத்தரவைப் பார்த்திருப்பார்கள்?

நெய்யூர் ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். 1838இல் லண்டன் மிஷன் ஆரம்பித்தது. அங்கே வேலை செய்த டாக்டர் ஹோவர்டு சோமர்வெல்லைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கேரள எல்லை தாண்டினால் காரக்கோணத்தில் மெடிக்கல் காலேஜுக்கு அவர் பெயர்தான். பஸ்ஸில் போகும்போது பெயர்ப்பலகையைப் பார்க்கிறோம், ஆளைத் தெரியாது. 1916இல் பிரான்சில் சோம் யுத்தம் நடந்தபோது அவர் இளம் ராணுவ சர்ஜன். காயம்பட்டவர்கள் வயல் முழுக்க ஸ்ட்ரெச்சரில் கிடந்தார்கள். யாருக்கு முதலில் ஆபரேஷன் என்று சில நிமிஷத்தில் முடிவு செய்ய வேண்டும். தேர்ந்தெடுக்கப்படாதவர் இறந்துவிடுவார். அந்த அனுபவம் அவரைப் போருக்கு எதிரானவராக ஆக்கியது. 1922இல் எவரெஸ்ட் ஏறப் போனார். பனிச்சரிவில் ஏழு சுமைதூக்கிகள் இறந்தார்கள், எல்லாரும் மலைவாசிகள். வெள்ளைக்காரர்களில் ஒருவராவது அவர்களோடு ஏன் சாகவில்லை என்று அவர் மனம் குமைந்தார்.

அந்தப் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு நெய்யூர் வந்து சேர்ந்தார். வரிசையில் நிற்கிற நோயாளிகளையும், தனியாகத் தவிக்கிற ஒரு சர்ஜனையும் பார்த்தார். லண்டனில் நல்ல வேலை காத்திருந்தது. அதை விட்டுவிட்டு 1923இல் நெய்யூருக்கே வந்துவிட்டார். 1924இல் மறுபடி எவரெஸ்ட் போய், ஆக்சிஜன் இல்லாமல் 8,500 மீட்டருக்கு மேல் ஏறி, இறங்கும்போது தொண்டை அடைத்துச் சாகக் கிடந்து பிழைத்தார். பிறகு திரும்பவும் நெய்யூர். 1961 வரை இந்தியாவில்தான். அதில் பெரும் பகுதி நெய்யூர், அப்புறம் வேலூர்.

உலகத்தின் கெட்ட பக்கத்தைப் பார்த்துவிட்டு ஒருவர் மனம் கசந்து போயிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் குடல்புண் நோயாளிகளுக்கு ஆபரேஷன் செய்துகொண்டு இருந்தார். அவரோடு ராத்திரி பகலாக நின்ற நம்ம ஊர் நர்ஸ்மாரும் கம்பவுண்டர்மாரும் எந்தப் பலகையிலும் இல்லை. எனக்கு அவர்களைப் பற்றியும் தெரிந்துகொள்ள ஆசை.

இதற்கெல்லாம் அடியில் என்ன இருக்கிறது? என்னைப் பொறுத்தவரை உயிர்த்தெழுதல். பவுல் 1 கொரிந்தியர் 15இல் கிறிஸ்து எழுந்தார், நாமும் எழுவோம் என்று அவ்வளவு நீளமாக வாதாடிவிட்டு, கடைசி வசனத்தில் எங்கே வந்து நிற்கிறார் தெரியுமா? வேலையில். கர்த்தருக்குள் நீங்கள் படுகிற பிரயாசம் விருதாவாயிராது என்கிறார். பரலோகத்தைக் காட்டி வேலையை விடச் சொல்லவில்லை. எழுந்து வந்த இயேசுவின் கையில் ஆணித் தழும்பு அப்படியே இருந்தது, தோமாவிடம் காட்டினார். நடந்தது நடக்கவே இல்லை என்று கடவுள் துடைத்துவிடவில்லை. பிள்ளையை இழந்த ஒரு தாயிடம் நான் துணிந்து பேச முடிகிறது என்றால் இந்த ஒரு காரணத்தால்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மனது ரொம்ப இருண்டு போனால் ஜெபத்தோடு டாக்டரிடமும் போங்கள். மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தக் காலத்திலேயே ஆஸ்பத்திரி கட்டிய சபை நம்முடையது. அரசாங்கத்தின் மனநல உதவி எண், டெலி மானஸ், 14416. எந்த நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது, தமிழிலும் பேசலாம்.

அடுத்த வீடியோ நெய்யூரிலிருந்து எடுக்கலாம் என்று இருக்கிறேன். உங்கள் வீட்டுப் பாட்டாவோ பாட்டியோ பழைய நெய்யூர் ஆஸ்பத்திரியில் படுத்த கதை, அங்கே வேலை பார்த்த கதை ஏதாவது இருந்தால் கேட்டு வையுங்கள். முக்கியமாக நர்ஸாக இருந்தவர்களுடைய கதை. பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். வருகிறேன் மக்களே, ஸ்தோத்திரம்.