பெரிய கார் கம்பெனிகளே பின்வாங்கும்போது மலையில் எலெக்ட்ரிக் டாக்ஸி வாங்கலாமா?

அடுத்த கேள்வி கோத்தகிரியிலிருந்து. டூரிஸ்ட் டாக்ஸி ஓட்டுகிற அண்ணன் ஒருவர் அனுப்பியிருக்கிறார். "பெரிய கார் கம்பெனிகளே எலெக்ட்ரிக்கிலிருந்து பின்வாங்குவதாகச் செய்தி வருகிறது. அப்படியானால் அது தோற்றுப்போன சமாச்சாரமா? டீசல் வண்டியை மாற்றப் போகிறேன், எலெக்ட்ரிக்கை நம்பி வாங்கலாமா?" என்று கேட்கிறார்.

செய்தி பொய்யில்லை அண்ணா. 2030-க்குள் முழுக்க எலெக்ட்ரிக் என்று சொன்ன வால்வோ, 2024 செப்டம்பரில் அந்த இலக்கைத் தளர்த்திவிட்டது. ஃபோர்டின் எலெக்ட்ரிக் பிரிவுக்கு 2023-இல் மட்டும் சுமார் 470 கோடி டாலர் நஷ்டம். ஆனால் நம்மைவிடக் கடும் குளிருள்ள நார்வேயில், 2024-இல் விற்ற புதுக் கார்களில் பத்துக்கு ஏறக்குறைய ஒன்பது முழு எலெக்ட்ரிக். ஆகவே வண்டி தோற்கவில்லை, சில கம்பெனிகளுக்குத்தான் இதில் காசு பார்க்க முடியவில்லை.

அவர்களுக்குத் தொழில்நுட்பம் தெரியாமல் இல்லை. ஜெனரல் மோட்டார்ஸ் 1996-லேயே ஈவி1 என்ற எலெக்ட்ரிக் காரைக் குத்தகைக்கு விட்டது. பிறகு வண்டிகளைத் திரும்ப வாங்கி, பெரும்பாலானவற்றை நசுக்கிப் போட்டது. போட்ட முதல் எல்லாம் எஞ்சினிலும் கியர்பாக்ஸிலும் இருக்கும்போது, அதை விட்டு வர மனசு வராது. சீனாவின் பிஒய்டி 1995-இல் பேட்டரி கம்பெனியாகத் தொடங்கியது. அதனால் 2022 மார்ச்சில் பெட்ரோலில் மட்டுமே ஓடும் கார் தயாரிப்பதை நிறுத்துவது அதற்கு எளிதாக இருந்தது. பழைய கம்பெனி என்றாலே தேறாது என்றும் சொல்ல மாட்டேன். நம் டாடாவும் பழைய கம்பெனிதான், 2020-லேயே நெக்ஸான் ஈவியை இறக்கியது. எனக்குக் கவலை எல்லாம் மலைக்குக் கீழே கோவையில் எஞ்சின் பாகங்களை நம்பியிருக்கிற பவுண்டரிகளையும் பட்டறைகளையும் பற்றித்தான். கம்பெனிகள் தாமதித்துவிட்டு ஒரே நாளில் மாறினால், முதல் அடி அங்கேதான் விழும்.

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம். மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய 1,900 மீட்டர். ஆட்களோடு 1,800 கிலோ எடையுள்ள வண்டியை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டுமே 9 யூனிட்டுக்கு மேல் வேண்டும். ஓடுகிற 50 கிலோமீட்டருக்கான செலவையும் சேர்த்தால், 40 யூனிட் பேட்டரியில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் காலியாகும். இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, அதில் நல்ல பங்கைத் திருப்பிக் கொடுக்கும். டீசல் வண்டியில் அதெல்லாம் பிரேக்கிலும் எஞ்சினிலும் சூடாகி வீணாகிறது. அப்புறம், ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிற டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் அங்கே திணறும், மோட்டாருக்கு அந்தக் கஷ்டமே கிடையாது.

ஒன்றை மட்டும் தயவுசெய்து மனதில் வையுங்கள். மேலே ராத்திரி முழுசாகச் சார்ஜ் ஏற்றிவிட்டுக் காலையில் அப்படியே மலை இறங்காதீர்கள். பேட்டரியில் இடம் இருந்தால்தான் இறக்கத்தில் வருகிற மின்சாரத்தை அது வாங்கிக்கொள்ளும். நிரம்பியிருந்தால் வண்டியைப் பிடித்து நிறுத்துகிற மோட்டாரின் இழுவை குறைந்து, பாரம் முழுக்கப் பிரேக்கில் விழும். இரண்டாம் கியரில் இறங்கிப் பழகிய நமக்குக் கொண்டை ஊசி வளைவில் அது ஆபத்து. 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உறைபனிக் காலத்தில் பேட்டரி குளிர்ந்திருந்தாலும் இதே நிலைதான், முதல் சில வளைவுகளை மெதுவாக எடுங்கள்.

ஊட்டி, குன்னூர் சுற்றிக் காட்டுவதும் கோவை விமான நிலைய சவாரியும்தான் உங்கள் பிழைப்பு, வீட்டிலேயே சார்ஜ் போட இடமும் இருக்கிறது என்றால் தாராளமாக வாங்குங்கள். பெங்களூரு, சென்னை என்று தூர சவாரி அதிகம் என்றால் இப்போதைக்கு டீசலிலேயே இருங்கள். எந்தக் கம்பெனி என்பதைவிட, கெட்டுப்போனால் பார்க்கத் தெரிந்த ஆள் மேட்டுப்பாளையத்திலாவது இருக்கிறாரா என்று விசாரியுங்கள். டாக்ஸியாக ஓட்டினால் பேட்டரி வாரண்டி எத்தனை வருஷம், எத்தனை கிலோமீட்டர் என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே முன்பணம் கட்டுங்கள். சொந்த உபயோக வண்டிக்குச் சொல்கிற கணக்கு டாக்ஸிக்கு அப்படியே பொருந்தும் என்று நினைத்துவிடாதீர்கள்.