பேச்சுரிமையும் பிள்ளைபிடி வதந்தியும்

வியாசர்பாடி, கொடுங்கையூர், காசிமேட்டிலிருந்து வந்திருக்கும் சொந்தங்களே, வணக்கம்.

"திருநங்கைங்களுக்கு எதுக்குத் தனி ஒதுக்கீடு?" என்று டீக்கடையில் ஒருவர் கேட்கிறார். கசக்கிற பேச்சுதான். ஆனாலும் அவரை உள்ளே தள்ளச் சொல்ல மாட்டேன். எதிரே உட்கார்ந்து பதில் சொல்வேன். பேச்சை எதற்காகக் கட்டுப்படுத்தலாம் என்று அரசியல் சாசனத்தின் 19(2) பட்டியல் போட்டிருக்கிறது. பொது ஒழுங்கு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல் எல்லாம் அதில் உண்டு. வெறும் 'பொய்' இல்லை, 'மனம் புண்பட்டது' என்பதும் இல்லை. 2015-ல், இணையத்தில் எழுதியதற்காகக் கைது செய்ய இடம் கொடுத்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை ரத்து செய்த உச்ச நீதிமன்றம், விவாதிப்பது, ஆதரித்துப் பேசுவது, தூண்டிவிடுவது மூன்றும் வேறு வேறு என்றது.

இப்போது இந்த வாய்ஸ் நோட்டைக் கேளுங்கள்: "நேத்து நைட்டு நம்ம ஏரியாவுல புள்ள புடிக்கிற கும்பல், புடவை கட்டிக்கினு சுத்துது. போலீஸ்ல இருக்கிற சொந்தக்காரர் சொன்னாரு." தேதி கிடையாது, ஸ்டேஷன் பெயர் கிடையாது. அதனாலேயே எந்த வருஷமும் எந்தத் தெருவுக்கும் பொருந்தும். கடை கடையாகப் போகும் திருநங்கைதான் கண்ணுக்கு முதலில் படுவார். 2018 மே மாதம் இப்படியொரு வதந்தியால் பழவேற்காட்டில் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். அதே மாதம் ஹைதராபாத்தில் ஒரு திருநங்கையின் உயிரும் போனது. இதற்கு நிதானமாக மறுப்புச் சொல்ல அவகாசம் எங்கே இருக்கிறது? சட்டம் தலையிட வேண்டிய இடம் இதுதான்.

கலவரத்துக்கு வழிசெய்யும் வதந்திக்கு பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 353-ம் பிரிவுப்படி 3 ஆண்டு வரை சிறை உண்டு. உண்மை என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, கெட்ட எண்ணமில்லாமல் சொன்னவருக்கு விலக்கும் உண்டு. "குரூப்பில் வந்தது, அனுப்பினேன்" என்பது நியாயமான காரணம் ஆகாது என்பது என் கருத்து.

புகார் பலவீனமாவது பெரும்பாலும் சாட்சியத்தில்தான். ஆத்திரத்தில் மெசேஜை அழித்துவிடுகிறார்கள், இல்லையென்றால் வேறு போனுக்கு ஃபார்வர்டு செய்துவிட்டு அதையே காட்டுகிறார்கள். ஃபார்வர்டு செய்தால் முதலில் அனுப்பியவரின் நம்பர் போய்விடும். வந்த போனிலேயே விட்டுவையுங்கள். அனுப்பிய நம்பர், குரூப் பெயர், நேரம் மூன்றும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். நீதிமன்றத்துக்குப் போகும்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ம் பிரிவுச் சான்றிதழ், அதாவது மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழ், கேட்பார்கள்.

குரூப்பில் மறுக்கும்போது அந்த ஆடியோவைத் திரும்பப் போடாதீர்கள். ஸ்டேஷனில் விசாரித்துவிட்டு, அங்கே சொன்ன பதிலை எழுத்தில் மட்டும் போடுங்கள். தெருவில் கூட்டம் கூடிவிட்டால் எழுதிக்கொண்டிருக்க நேரமில்லை. உடனே 112-க்கு அடியுங்கள்.