தாகத்தை அடக்கிக்கொள்பவர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

வேலூரை ‘வெயிலூர்’ என்று சொல்லிச் சொல்லியே வெயில் நமக்குப் பழகிப்போய்விட்டது. எனக்குக் கவலையே அந்தப் பழக்கத்தின் மேல்தான். இப்போதெல்லாம் கத்திரிக்குக் காத்திராமல் பங்குனியிலேயே தார்ச்சாலை கொதிக்கிறது. 2024-இல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்தது. ஆனாலும் பருவநிலை மாற்றம் என்று பேச்செடுத்தால், அது ஏதோ துருவத்துப் பனி சம்பந்தப்பட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள்.

சில வருடங்களுக்கு முன் குடியாத்தம் பக்கம் ஒரு செங்கல் சூளையில் பேசப் போயிருந்தேன். “நிறையத் தண்ணீர் குடியுங்கள்” என்று சொன்னேன். கல் சுமந்துகொண்டிருந்த ஒரு பெண் என்னைப் பார்த்துக் கேட்டார்: “குடிச்சா எங்கக்கா ஒதுங்கறது? சுத்தி ஆம்பளைங்க. நான் வீட்டுக்குப் போய்த்தான் குடிப்பேன்.”

என்னிடம் பதில் இல்லை. காலை ஆறு மணிக்கு வந்தவர், வேர்த்துக் கொட்டியும் மாலைவரை தொண்டையை நனைக்காமல் இருக்கிறார். நீர்க்கடுப்பு, சிறுநீர்த் தொற்று, கல் என்று வரும். வருடக்கணக்கில் போனால் சிறுநீரகமே கெடும். இது அந்த அம்மாவின் அறியாமையா? கழிப்பறை இல்லாத இடத்தில் தண்ணீரைப் பற்றிப் பேசினேனே, பிழை என்னுடையது.

அன்றிலிருந்து சுகாதாரம் சொல்லித்தரப் போகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். முதலில் போய் உட்கார்ந்து கேளுங்கள். அப்புறம் சூளைக்காரரிடம் பேசுங்கள். தகரம் அடைத்த ஒரு கழிப்பறை, ஒரு கீற்றுக் கொட்டகை, உச்சிவேளையில் ஓய்வு. இதைக் கேட்டு வாங்குவதும் சுகாதாரக் கல்விதான்.

பீடி சுற்றும் வீடுகளிலும் இதே கதை. மேலே சிமென்ட் ஷீட் தகிக்கிறது; ஃபேன் போட்டால் தூள் பறக்கும் என்று நிறுத்திவைக்கிறார்கள். அங்கே போய் “காற்றோட்டமாக இருங்கள்” என்றால் எப்படி?

டெங்கு மழைக்கால நோய் என்று நினைக்கிறோம். தண்ணீர்ப் பஞ்சத்திலும் அது வரும். குழாயில் எப்போதோ வருவதை டிரம்மில் பிடித்துவைக்கிறோம். ஏடிஸ் கொசுவுக்கு அந்த நல்ல தண்ணீர்தான் வேண்டும். டிரம்மின் உள்சுவரில் ஒட்டிய முட்டை, காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் கொட்டிக் கவிழ்த்தால் போதாது, வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவ வேண்டும். இதை மேடையில் சொல்வதைவிட, தெருக்குழாயடியில் ஒரு டிரம்மைத் தேய்த்துக் காட்டினால் மனதில் நிற்கும்.

இன்னொன்று, உயிர் காக்கும் விஷயம். வெயிலில் வேலை செய்பவர் உளறினாலோ தள்ளாடினாலோ ‘பித்தம்’ என்று விட்டுவிடாதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை நிழலில் படுக்கவைத்து, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதுவும் ஊற்றக் கூடாது.

அந்தச் சூளைக்கு மறுவருடம் போனபோது, ஓரமாகத் தென்னங்கீற்று மறைப்பில் ஒரு கழிப்பறை இருந்தது. பக்கத்திலேயே மூடிபோட்ட ஒரு பானை. மத்தியானத்துக்குள் அதை இரண்டுமுறை நிரப்பினார்கள்.