கழித்துக் கற்கும் சிறுமூளை

நேயர்களுக்கு வணக்கம்.

பக்கத்தில் செய்தித்தாள் இருந்தால் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி ஓட்டிக்கொண்டே கேட்பவர்கள் வீட்டுக்குப் போய்ச் செய்து பார்க்கலாம். தாளை ஒரு முழத் தொலைவில் பிடித்து, ஏதாவது ஒரு வரியைப் பார்த்தபடி, ‘வேண்டாம், வேண்டாம்’ என்று மறுப்பதுபோல் தலையை வேகமாக ஆட்டுங்கள். வரியைப் படிக்க முடிகிறது அல்லவா? இப்போது தலையை அசைக்காமல் அதே வேகத்தில் தாளை ஆட்டுங்கள். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கலங்கிவிடும்.

தாள் ஆடும்போது கண் அதைப் பார்த்துப் பார்த்துத்தான் துரத்த வேண்டும். விழித்திரையிலிருந்து செய்தி மூளைக்குப் போய், கண் தசைக்கு ஆணை வந்து சேர்வதற்குள் வினாடியில் பத்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. தலை ஆடும்போது அந்தத் துரத்தல் தேவையில்லை. காதுக்குள் இருக்கும் அரைவட்டக் குழல்கள் அசைவை உணர்ந்து, கண்ணை எதிர்ப்பக்கம் திருப்பிவிடுகின்றன. மூன்றே நரம்பணுக்கள் கொண்ட குறுக்குவழி அது. ஆகும் நேரம் வினாடியில் நூறில் ஒரு பங்கு.

இவ்வளவு விரைவில் ஒரு சங்கடமும் இருக்கிறது. நடுவழியில் திருத்திக்கொள்ள நேரமே இல்லை. தலை 10 டிகிரி திரும்பினால் கண் எத்தனை டிகிரி திரும்ப வேண்டும் என்ற கணக்கு முன்கூட்டியே சரியாக இருக்க வேண்டும். மூக்குக் கண்ணாடி மாற்றினால் அந்தக் கணக்கு பிசகும்; வில்லை உருவத்தைப் பெரிதாக்கினால் கண்ணும் கூடுதலாகத் திரும்பியாக வேண்டும்.

எனக்கு 47 வயதில் முதன்முதலாகத் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்துக் கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு வீட்டுப் படியில் இறங்கினேன். இன்னும் ஒரு படி இருக்கிறது என்று காலை நீட்டிய இடத்தில் தரை இருந்தது. தலையைத் திருப்பினால் தெருவே லேசாக நீந்தியது. கண்ணாடிக் கடைக்காரரிடம் போய் முறையிட்டேன். “நாலைந்து நாளில் பழகிவிடும், சார்” என்றார். இருபது ஆண்டுகளாக மருத்துவ மாணவர்களுக்கு உடலியங்கியல் நடத்துகிறவன் நான். எனக்கே பாடமா என்று எரிச்சலாகத்தான் இருந்தது. ஐந்தாம் நாள் தெரு நின்ற இடத்தில் நின்றது. நான் எந்த முயற்சியும் செய்யவில்லை. பிடரிக்கு உட்புறம், பெருமூளையின் அடியில் ஒதுங்கிக் கிடக்கும் சிறுமூளை தன் கணக்கைத் திருத்திக்கொண்டுவிட்டது. எங்கே, எதைத் திருத்தியது என்பதுதான் இன்றைய பேச்சு.

சிறுமூளை என்று பெயர் வைத்தவர்கள் எடையைப் பார்த்து வைத்தார்கள். மூளை எடையில் பத்தில் ஒரு பங்குதான் அது. தலைகளை எண்ணியிருந்தால் வேறு பெயர் வைத்திருப்பார்கள். மனித மூளையின் நரம்பணுக்கள் ஏறத்தாழ 8,600 கோடி; அவற்றில் 6,900 கோடி சிறுமூளையில் இருக்கின்றன என்று பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் 2009-ல் எண்ணிச் சொன்னார்கள். பெரும்பாலானவை மிகச் சிறிய செல்கள். குருணை அரிசியைக் கொட்டியதுபோல் நெருக்கியடித்துக் கிடப்பதால் அவற்றைக் குருணைச் செல்கள் என்றே சொல்கிறேன்.

இந்தக் கூட்டத்தின் நடுவே ஓர் ஆடம்பரமான செல் நிற்கிறது. செக் நாட்டு அறிஞர் புர்கின்ஜி 1837-ல் விவரித்தது. அவர் பெயராலேயே புர்கின்ஜி செல். பனையோலை விசிறி ஒன்றைக் காம்பு கீழே இருக்கும்படி நிறுத்தி வையுங்கள்: அகலம் உண்டு, கனம் இல்லை. இப்படி விசிறிகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, அவற்றை ஊடுருவிக் குறுக்கே லட்சக்கணக்கான நூல்களை ஓட்டினால் சிறுமூளையின் வெளி அடுக்கான புறணி கிடைத்துவிடும். அந்த நூல்கள் குருணைச் செல்களிலிருந்து வரும் இணை இழைகள். ஒரு விசிறி ஒன்றரை லட்சம் முதல் இரண்டு லட்சம் வரை இணை இழைத் தொடர்புகளைப் பெறுகிறது. மூளையில் வேறெந்தச் செல்லுக்கும் இத்தனை பேர் பேச்சுக்கு வருவதில்லை.

இன்னொரு இழையும் வருகிறது. முகுளத்திலிருந்து கிளம்பி, அகத்தியில் வெற்றிலைக் கொடி சுற்றிக்கொண்டு ஏறுவதுபோல் விசிறியின் கிளைகளில் பற்றி ஏறுகிறது. ஏறு இழை என்றே பெயர். ஒரு புர்கின்ஜி செல்லுக்கு ஒரே ஓர் ஏறு இழைதான். பிறந்த புதிதில் பல இழைகள் போட்டி போட்டு ஏறும். சுண்டெலியில் மூன்று வாரத்துக்குள் ஒன்று வென்று, மற்றவை உதிர்ந்துவிடும். இணை இழைகள் ஒவ்வொன்றும் கிசுகிசுக்கின்றன. ஏறு இழை வினாடிக்கு ஏறத்தாழ ஒரு தடவைதான் பேசுகிறது, ஆனால் பேசினால் செல் முழுவதும் அதிர்கிறது. எதற்கு இந்த அதட்டல்? கண்ணாடி உதாரணத்தையே எடுத்துக்கொண்டால், உருவம் விழித்திரையில் வழுக்கும்போதெல்லாம் ‘பிசகிவிட்டது’ என்று சொல்வது இந்த இழைதான்.

இனி ஓர் ஆச்சரியம். 1964-ல் டோக்கியோவில் மசாவோ இத்தோவும் யோஷிதாவும் புர்கின்ஜி செல்லின் வேலை அடக்குவது என்று காட்டினார்கள். சிறுமூளைப் புறணியிலிருந்து வெளியே போகும் ஒரே குரல் இந்தச் செல்லுடையது. அந்தக் குரல் சொல்வதெல்லாம் ‘பொறு’ என்பது மட்டுமே. காபா என்ற வேதிப்பொருளை விட்டு, தனக்குக் கீழே உள்ள செல்களின் வேகத்தைக் குறைக்கிறது. ஆகவே புர்கின்ஜி செல்லின் வாயைக் கொஞ்சம் அடைத்தால் கீழே உள்ளவை சுறுசுறுப்பாகும்.

1969-ல் கேம்பிரிட்ஜில் 24 வயது இளைஞர் டேவிட் மார், இந்த அமைப்பு பாடம் கற்கும் இயந்திரம் என்றும், ஏறு இழை ஆசிரியர் என்றும் எழுதினார். ஆசிரியர் அதட்டும் வேளையில் பேசிக்கொண்டிருக்கும் இணை இழைகளின் பிணைப்பு வலுப்படும் என்பது அவர் கணிப்பு. 1971-ல் அமெரிக்கப் பொறியாளர் ஜேம்ஸ் ஆல்பஸ் அதே கருத்தைத் திருப்பிப் போட்டார்: வலுப்படாது, தளரும். பிசகு நடந்த வேளையில் பேசிக்கொண்டிருந்தவர்கள்தானே பிசகுக்குப் பொறுப்பு? அவர்கள் குரலைத் தணிப்பதுதான் திருத்தம். எனக்கு இந்த வாதம் எப்போதும் பிடிக்கும். ஒரு பொறியாளர், செல்லைத் தொடாமல், தாளில் போட்ட கணக்கில் கண்டது.

1982-ல் இத்தோவின் குழு முயல்களில் இதைச் சோதித்தது. இணை இழைகளையும் ஏறு இழையையும் ஒரே வேளையில் தூண்டினார்கள். அதன்பின் இணை இழைகளுக்குப் புர்கின்ஜி செல் காட்டிய பதில் குறைந்தது. ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் குறைந்தே இருந்தது. நீண்டகாலத் தளர்ச்சி என்று இதைச் சொல்கிறோம். ஒன்பது ஆண்டுகளுக்கு முன்புதான், நினைவைப் பதிக்கும் மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸில் பிணைப்பு நீண்ட நேரம் வலுப்பெறுவதை பிளிஸ், லோமோ என்ற ஆய்வாளர்கள் வெளியிட்டிருந்தார்கள். நினைவு என்றால் வலுப்படுவது என்றே உலகம் பேசிக்கொண்டிருந்த காலத்தில், தளர்வதும் நினைவுதான் என்று ஒருவர் வந்து நின்றார்.

தளர்வது எப்படி? ஒரே ஓர் இடத்துக்கு அருகில் போய்ப் பார்ப்போம். விசிறியின் கிளையெங்கும் கருவேல முள் போலச் சின்னச் சின்னத் துருத்தல்கள். ஸ்பெயின் நாட்டு ராமோன் ஈ கஹால் 1888-ல் பறவைகளின் சிறுமூளையில் இவற்றைக் கண்டு ‘முட்கள்’ என்றார். சாயம் படிந்த கறை என்று ஒதுக்கியவர்கள் உண்டு. ஒரு முள்ளின் தலை ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதற்கு எதிரே இணை இழையின் கணு. நடுவே சிறு இடைவெளி. இதுதான் சினாப்ஸ்.

இணை இழையில் துடிப்பு வந்ததும் கணுவிலிருந்து குளூட்டமேட் சிதறுகிறது. சமையலில் அஜினோமோட்டோ என்று சேர்க்கிறார்களே, அதில் இருப்பதும் குளூட்டமேட்தான். முள்ளின் தலையில் அதை வாங்க இரண்டு வகை ஏற்பிகள். ஆம்பா ஏற்பி ஒரு கதவு: குளூட்டமேட் தொட்டவுடன் திறக்கும், சோடியம் உள்ளே பாயும், செல் கிளர்ச்சி பெறும். இரண்டாவது, எம்குளூஆர்1, அழைப்பு மணி மாதிரி. கதவு திறக்காது, உள்ளே ஐபி3 என்ற சின்ன மூலக்கூறைத் தூதனுப்பும். அந்தத் தூது முள்ளுக்குள் இருக்கும் கால்சியக் கிடங்கின் பூட்டில் போய் உட்காரும். ஆனால் தூது மட்டும் வந்தால் பூட்டு சரியாகத் திறக்காது. ஏறு இழை அதட்டும்போது செல் முழுவதும் மின்னழுத்தம் மாறி, வெளியிலிருந்து கால்சியம் நுழைகிறது. ஐபி3, கால்சியம் இரண்டும் ஒரே வேளையில் அதே பூட்டில் சேர்ந்தால் கிடங்கு உடைத்துக்கொண்டு கொட்டும். வங்கி லாக்கரைத் திறக்க நம் சாவியும் மேலாளர் சாவியும் வேண்டும் அல்லவா, அந்த ஏற்பாடு.

கால்சியம் பெருகியதும் புரதக் கைனேஸ் சி என்ற நொதி விழிக்கிறது. ஆம்பா ஏற்பியின் வாலில் 880-வது இடத்தில் செரின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. அதன்மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டுகிறது. அதுவரை ஏற்பியை முள்ளின் முகப்பில் கட்டிவைத்திருந்த புரதம் பிடியை விட்டுவிடும். வேறொரு புரதம் பிடித்துக்கொள்ளும். ஏற்பி செல்லின் தோலோடு சேர்ந்து உள்ளே மடிந்து போய்விடும். கடையில் ஷட்டரை இறக்கவில்லை, கதவையே கழற்றி உள்ளே வைத்துவிட்டார்கள். அரை மணி நேரத்துக்குள் அந்த முள் அந்த இழைக்குப் பாதிச் செவிடாகிவிடுகிறது.

என்னை நெடுநாள் உறுத்திய கேள்வி ஒன்று உண்டு. பிசகு தெரிய வேண்டுமானால் பார்வை தேவை. பார்வை தாமதமாகத்தான் வரும் என்று தொடக்கத்தில் சொன்னேன். அப்படியானால் ஆசிரியர் அதட்டுவதற்குள் தப்புச் செய்த மாணவன் பேசி முடித்திருப்பானே? 2016-ல் ஸ்டான்ஃபோர்டில் ஜெனிஃபர் ரேமண்டின் ஆய்வகத்தில் அபர்ணா சுவ்ரதன் இதற்கு விடை கண்டார். கண் அசைவைக் கவனிக்கும் சிறுமூளைப் பகுதியில், இணை இழை பேசி 120 மில்லி வினாடி கழித்து ஏறு இழை வந்தால்தான் தளர்ச்சி ஏற்பட்டது. ஏறத்தாழ பார்வைச் செய்தி வந்து சேர ஆகும் அதே நேரம். தாமதத்தையும் கணக்கில் சேர்த்தே பூட்டு செய்யப்பட்டிருக்கிறது.

தளர்ந்துகொண்டே போனால் எல்லாம் செவிடாகிவிடாதா? ஆகாது. ஏறு இழை வாய் திறக்காமல் இணை இழை மட்டும் பேசினால் கால்சியம் கொஞ்சமாகவே ஏறும். அப்போது பாஸ்பேட்டை உரித்தெடுக்கும் நொதிகள் கை ஓங்கி, கதவுகள் திரும்ப முகப்புக்கு வரும். ஹிப்போகாம்பஸில் வழக்கம் தலைகீழ்: கால்சியம் அதிகம் என்றால் வலுப்படும், கொஞ்சம் என்றால் தளரும். ஒரே தலைக்குள் இரண்டு ஊர்ச் சட்டம்.

கேட்பவர் சொல்பவரை அடக்குவதும் உண்டு. 2001-ல் ஹார்வர்டில் கிரைட்சரும் ரெகரும் காட்டியது இது: கிளர்ச்சி அதிகமானால் புர்கின்ஜி செல் ஒரு கொழுப்புப் பொருளைத் தயாரித்து இடைவெளியில் பின்னோக்கி விடுகிறது. அது எதிர்ப்பக்கக் கணுவில் ஒட்டி, குளூட்டமேட் வெளியேறுவதைச் சில பத்து வினாடிகளுக்குக் குறைக்கிறது. கஞ்சா போய் ஒட்டும் ஏற்பியும் இதேதான். கஞ்சாவுக்காக இயற்கை இந்த ஏற்பியை வைக்கவில்லை. நம் செல்களின் சொந்தச் சரக்குக்காக வைத்தது.

நீண்டகாலத் தளர்ச்சிதான் எல்லாம் என்று நினைத்திருந்தவர்களுக்கு 2011-ல் ஓர் அடி விழுந்தது. ராட்டர்டாமில் கிறிஸ் டி ஸீவின் குழு, ஆம்பா ஏற்பி உள்ளே போக முடியாதபடி மரபணு மாற்றிய மூன்று வகைச் சுண்டெலிகளை எடுத்துக்கொண்டது. தளர்ச்சி இல்லை; ஆனாலும் அவை கண் அசைவைத் திருத்திக்கொள்ளக் கற்றன. சண்டை இன்னும் ஓயவில்லை. இத்தோ 2018-ல் மறையும் வரை தன் பக்கத்தை விட்டுக்கொடுக்கவில்லை. என்னைக் கேட்டால், தளர்த்தல் ஒரு திருகு. அது இறுகிப் போனால் வலுவூட்டல், காபா பிணைப்புகள், பின்னோக்கி அடக்கல் என்று மற்றத் திருகுகள் வேலையைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு திருகை மட்டும் பிடித்துக்கொண்டு ‘இதுவே கற்றல்’ என்று பெயரிட்டது நம் அவசரம்.

ஆனால் சில திருகுகளுக்கு மாற்று இல்லை. ஹாட்ஜ்கின் என்ற நிணநீர்ப் புற்றுநோயிலிருந்து மீண்ட இருவருக்கு நடை தள்ளாடத் தொடங்கிய கதை 2000-ல் வெளியானது. அவர்கள் உடலே எம்குளூஆர்1-க்கு, அதாவது நாம் பார்த்த அந்த அழைப்பு மணிக்கு, எதிராக எதிர்ப்பொருள் தயாரித்திருந்தது. அதைப் பிரித்தெடுத்துச் சுண்டெலிகளின் மூளையுறைக்குள் செலுத்தினார்கள், சுண்டெலிகளும் தள்ளாடின. எதிர்ப்பொருளின் வேகம் தணிந்ததும் நேராக நடந்தன.

என் பழைய கண்ணாடி இன்னும் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. புதியது உடைந்த ஒரு வாரம் அதைப் போட்டுக்கொண்டேன். தெரு மறுபடி நீந்தியது, ஆனால் அன்று மாலைக்குள்ளேயே நின்றுவிட்டது. பழைய கணக்கை எங்கோ எழுதி வைத்திருந்தது போலிருக்கிறது. எங்கே? ஜப்பானில் ரிக்கென் நிறுவனத்தில் சோயிச்சி நகாவோவின் குழு 2006-ல் சுண்டெலிகளுக்குக் கண் அசைவுப் பயிற்சி கொடுத்தது. ஒரே நாளில் முடிக்கவில்லை, பல நாள் கொடுத்தார்கள். பிறகு சிறுமூளைப் புறணியை மரத்துப்போகச் செய்தார்கள். அன்று கற்றது அழிந்தது. முந்தைய நாள்களில் கற்றது அப்படியே இருந்தது. அது புறணியை விட்டு இறங்கி, கீழே உள்ள நரம்பணுத் திரள்களில் குடியேறியிருந்தது. முள்ளில் கழற்றிய கதவுகள் அதற்குள் திரும்ப மாட்டப்பட்டிருக்கலாம், அடுத்த பிசகுக்காக.

வணக்கம்.