ஒரு வீட்டில் டெங்கு வந்தால் தெரு முழுவதும் ஏன் சோதிக்கிறார்கள்? – சந்தேகங்களுக்கு விளக்கம்

நேயர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு டெங்கு வந்து மருத்துவமனையில் சேர்த்தார்கள். அடுத்த நாளே சுகாதாரப் பணியாளர்கள் எங்கள் தெருவுக்கு வந்து, வீடு வீடாகத் தண்ணீர்த் தொட்டிகளைத் திறந்து பார்த்தார்கள். பிள்ளைக்கு மருத்துவர் வைத்தியம் பார்க்கிறார். பொது சுகாதாரத் துறைக்கு எங்கள் வீட்டில் என்ன வேலை?"

நியாயமான கேள்விதான். அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் அடித்த முதல் சில நாட்களில் அதன் இரத்தத்தில் வைரஸ் இருக்கும். அப்போது அதைக் கடித்த ஏடிஸ் கொசு, ஏறக்குறைய எட்டு முதல் பன்னிரண்டு நாட்களில் நோயைப் பரப்பும் நிலைக்கு வந்து, பிறகு உயிரோடிருக்கும் வரை பரப்பிக்கொண்டே இருக்கும். இந்தக் கொசு வெகுதூரம் பறப்பதில்லை. பெரும்பாலும் பிறந்த இடத்தைச் சுற்றி நூறு இருநூறு மீட்டருக்குள்ளேயே, அதாவது உங்கள் தெருவிலேயே, இருந்துவிடும். மருத்துவரின் கவனம் படுக்கையில் இருக்கும் பிள்ளையின் மேல் இருக்கிறது. அப்படித்தான் இருக்கவும் வேண்டும். அதைக் கடித்த கொசு அடுத்து யாரைக் கடிக்கப் போகிறது என்று கவலைப்படுவதற்கென்றே ஒரு துறை தேவைப்படுகிறது. அதனால்தான் டெங்கு உறுதியானதும் மருத்துவமனை சுகாதாரத் துறைக்குத் தகவல் தர வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். அந்தத் தகவல் தாமதமானால் மற்ற எல்லா வேலையும் தாமதமாகிவிடும்.

வருகிறவர்கள் என்ன தேடுகிறார்கள் என்பதை ஒருமுறை கூடவே நின்று பாருங்கள். சிமெண்ட் தொட்டிக்குள் டார்ச் அடித்தால், நீர்மட்டத்தில் தலைகீழாகத் தொங்கி மூச்சு வாங்கிக்கொண்டிருந்த கொசுப்புழுக்கள் நெளிந்து நெளிந்து கீழே இறங்கும். சற்றுப் பொறுத்தால் மறுபடியும் மேலே வரும். பிரிட்ஜின் பின்னால் நீர் சேரும் தட்டு, கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல், பழைய டயர், கொட்டாங்குச்சி என எல்லாவற்றையும் பார்ப்பார்கள். முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும் என்பதால், வாரத்துக்கு ஒருமுறை தண்ணீரைக் கொட்டினால் அந்தச் சங்கிலி அறுந்துவிடும். புகை மருந்து அடிக்கவில்லையே என்று பலரும் வருத்தப்படுகிறார்கள். புகை, பறக்கும் கொசுவைத்தான் கொல்லும்; தொட்டியில் இருக்கும் புழு நாளையோ மறுநாளோ கொசுவாகிவிடும். ஆகவே புகையைவிட டார்ச் வெளிச்சத்தையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

வீட்டுக்குள் வர அவர்களுக்கு அதிகாரம் உண்டா என்றும் சிலர் கேட்கிறார்கள். உண்டு. 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொது சுகாதாரச் சட்டம், இந்தியாவில் இப்படி இயற்றப்பட்ட முதல் சட்டம். கொசு ஒழிப்புக்கென்றே அதில் தனி அத்தியாயம் இருக்கிறது.

மருந்தே இல்லாத ஒரு நோயை இந்த வழியில் நாம் ஒழித்தே காட்டியிருக்கிறோம். நரம்புச் சிலந்தியைப் பெரியவர்கள் அறிந்திருப்பார்கள். காலில் கொப்புளம் வெடித்து, நீளமான புழு மெல்ல மெல்ல வெளியே வரும். அதற்குத் தடுப்பூசியும் இல்லை, குணமாக்கும் மாத்திரையும் இல்லை. புண்ணோடு படிக்கிணற்றில் இறங்குபவரின் காலிலிருந்து புழுவின் குஞ்சுகள் தண்ணீரில் கலக்க, அவற்றை விழுங்கிய மிகச் சிறிய நீர்ப்பூச்சிகளோடு அந்தத் தண்ணீரைக் குடிப்பவருக்கு ஓராண்டு கழித்து நோய் வரும். துறையினர் ஊர் ஊராக நோயாளிகளைத் தேடினார்கள்; படிக்கிணறுகளை இறைகிணறுகளாக மாற்றினார்கள்; துணியில் வடிகட்டிக் குடிக்கப் பழக்கினார்கள். கடைசி நோயாளி 1996-இல் ராஜஸ்தானில் கண்டறியப்பட்டார். 2000-ஆம் ஆண்டு இந்தியா அந்நோயிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. எந்த மருத்துவமனையிலும் தனியாகச் செய்து முடிக்கக்கூடிய வேலை அல்ல இது.

இனி உங்கள் வீட்டுக்கு வந்தால் மாடித் தொட்டியையும் மறைக்காமல் காட்டுங்கள்; வீட்டில் யாருக்காவது காய்ச்சல் இருந்தால் அவர்கள் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள். தொட்டியைக் காலி செய்யும்போது உட்சுவரை நார் வைத்து நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். ஏடிஸின் முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீரே இல்லாவிட்டாலும் பல மாதங்கள் காத்திருந்து, மீண்டும் நிரப்பியதும் பொரிந்துவிடும்.