ராக் க்ரீக் ஓடைக்கரையில டென்ட் போடப் போறவங்களுக்கு

வணக்கம் நேயர்களே. பேச கூப்பிட்ட நிலையத்தாருக்கு நன்றி. கலிஃபோர்னியாவுல இருக்கற நம்ம ஆளுங்க கோடை லீவு விட்டா யோசெமிட்டி போவாங்க, லேக் டாஹோ போவாங்க, ஆனா சியரா நெவாடா மலையைத் தாண்டி கிழக்குப் பக்கம் இறங்கி அங்க டென்ட் போட்டு தங்கறவங்க இன்னும் கம்மிதான். அந்தப் பக்கம் இருக்கற ஓடைகள்ல ஒண்ணைப் பத்தி மட்டும் இன்னைக்கு பேசறேன். ராக் க்ரீக்னு பேரு.

395 ஹைவேல பிஷப் ஊர்லேர்ந்து வடக்கே சுமார் 24 மைல் வந்தா டாம்ஸ் பிளேஸ்னு ஒரு சின்ன இடம் வரும், உயரம் 7,000 அடி. அங்க பிரியற ரோடு ஓடையை ஒட்டியே மேல ஏறும். வழி நெடுக இன்யோ நேஷனல் ஃபாரஸ்ட்டோட கேம்ப்கிரவுண்டுங்க இருக்கு. கீழ 7,500 அடில ஃபிரெஞ்ச் கேம்ப், அப்புறம் ஐரிஸ் மெடோ, பிக் மெடோ, 9,000 அடில ஈஸ்ட் ஃபோர்க், இன்னும் மேல ராக் க்ரீக் லேக். ரோடு முடியற இடம் மஸ்கிட்டோ ஃபிளாட், 10,000 அடிக்கும் மேல. சியராவுல தார் ரோட்டுல கார்லயே போய் இறங்கி நடக்க ஆரம்பிக்கற இடங்கள்ல இவ்ளோ உசரமா இருக்கறது ரொம்ப கம்மி. பேர்லயே கொசு இருக்கு பாருங்க, ஜூலைல கொசு மருந்து இல்லாம அங்க இறங்காதீங்க.

உசரத்தை இவ்ளோ விவரமா சொல்றதுக்கு காரணம் இருக்கு. சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் பே ஏரியாலேர்ந்து வர்ற குடும்பங்களை அங்க அடிக்கடி பாக்கறேன். வெள்ளிக்கிழமை லீவு போட்டு கிளம்பி யோசெமிட்டிக்குள்ள போய் மலையைத் தாண்டற டியோகா பாஸ்ங்கற கணவாய் வழியா ராத்திரி வந்து சேர்ந்து, இருட்டுல டென்ட் அடிச்சு, சனிக்கிழமை விடிஞ்சதும் பசங்களைக் கிளப்பி நேரா மேல ஏறிடறாங்க, பதினோரு மணி ஆறதுக்குள்ள ஒரு புள்ளை தலைவலின்னு உக்காந்துடும், இன்னொண்ணு வாந்தி எடுக்கும், அம்மாவுக்கு மூச்சு வாங்கும். எல்லாரும் சோர்ந்து திரும்பி வந்து, நமக்கு மலையெல்லாம் ஒத்துக்காதுப்பான்னு முடிவு கட்டிடறாங்க. எனக்கு அது மனசுக்கு கஷ்டமா இருக்கும். அவங்க உடம்புல ஒரு கோளாறும் இல்ல. கடல் மட்டத்துல நம்ம ஒவ்வொரு மூச்சுலயும் கிடைக்கற ஆக்சிஜன்ல 10,000 அடில ஏறக்குறைய மூணுல ரெண்டு பங்குதான் கிடைக்கும், அதுக்கு பழக உடம்புக்கு நேரம் வேணும், அவ்ளோதான். தாழ்வான ஊர்லேர்ந்து கிளம்பி அதே நாள் ராத்திரி 9,000 அடிக்கு மேல போய் தூங்க வேணாம்னு டாக்டர்களும் சொல்றாங்க.

அதனால நான் கேட்டுக்கறது ஒண்ணே ஒண்ணுதான். முதல் ராத்திரி ஃபிரெஞ்ச் கேம்ப் மாதிரி கீழ தங்குங்க. ரெண்டாவது நாள் மெதுவா ஈஸ்ட் ஃபோர்க் வந்து டென்ட் போட்டுட்டு வேற ஒண்ணும் பண்ணாதீங்க. மேல ஏறிப் போற நடைபாதை, அதான் ட்ரெயில், எங்கயும் ஓடிப் போயிடாது. அந்த ஒரு நாளை ஓடைக்கு குடுங்க.

ஓடைக்கு குடுங்கன்னா சும்மா கால நனைச்சுட்டு உக்காருங்கன்னு மட்டும் இல்ல, கவனிச்சுப் பாருங்க. ஜூன், ஜூலைல அந்தத் தண்ணி முழுக்க மேல உருகற பனி. காலைல எழுந்து பாத்தா ஓடை அடக்கமா இருக்கும், நடுவுல இருக்கற கல்லெல்லாம் மண்டை காஞ்சு வெளிய தெரியும். மத்தியான வெயில்ல பனி உருகி, அந்தத் தண்ணி பள்ளத்தாக்கு முழுக்க இறங்கி வந்து சேர சில மணி நேரம் ஆகுமில்லையா, அதனால சாயங்காலம் பாத்தீங்கன்னா காலைல நீங்க உக்காந்து பல் தேச்ச கல்லு தண்ணிக்குள்ள போயிருக்கும், சத்தமும் ஏறியிருக்கும். பசங்களுக்கு ஒரு வேலை குடுங்க: கரையோரமா ஒரு குச்சியை நட்டு காலைல ஒரு கோடு, சாயங்காலம் ஒரு கோடு போடச் சொல்லுங்க. மலையில எந்த ஓடையையும் காலைலயே கடக்கணும், சாயங்காலம் கடக்கக் கூடாதுங்கற விஷயம் அந்தக் குச்சியைப் பாத்த புள்ளைக்கு நாம சொல்லாமலே புரியும்.

டென்ட்டை எங்க போடறதுங்கறதும் ஓடை சொல்லும். தண்ணி ஓரமா போட்டா படுத்துக்கிட்டே பாக்கலாம்னு ஆசையாத்தான் இருக்கும். ஆனா பொழுது சாஞ்சதும் மேல இருக்கற குளிர் காத்து கனமாகி தண்ணி மாதிரியே பள்ளத்தைத் தேடி இறங்கும், ஓடைப் படுகை வழியாத்தான் வரும். ஓடைல கைய வெச்சா எலும்பு வரைக்கும் குளிரும், அதுக்கு மேல அந்தக் காத்தும் சேர்ந்தா விடிகாலை டென்ட்டோட உள்பக்கம் முழுக்க ஈரமாயிடும். உங்க சைட்டுக்குள்ளயே கொஞ்சம் மேடா, ஓடைலேர்ந்து தள்ளி இருக்கற இடமா பாத்து போட்டா அதே ராத்திரி எவ்ளோ சுகமா இருக்குன்னு நீங்களே சொல்வீங்க. ஸ்லீப்பிங் பேக் நல்லதா வாங்கிட்டு கீழ விரிக்கற பேடை மட்டும் மெலிசா வாங்குவாங்க நிறைய பேர், அது வேலைக்கு ஆகாது, உடம்புச் சூட்டை உறிஞ்சறது தரைதான். ஆகஸ்ட் மாசத்துலகூட அங்க ராத்திரி நல்லா குளிரும், மங்கி கேப்பும் கம்பளி சாக்ஸும் எடுத்துக்கோங்க.

சாப்பாடு. 9,000 அடில தண்ணி 91 டிகிரி செல்சியஸ்லயே கொதிச்சுடும். சட்டி பொங்கி வழியும், ஆனா துவரம் பருப்பு வேகவே வேகாது, அரிசி நடுவுல கல்லு மாதிரி நிக்கும். மூணு லிட்டர் பிரஷர் குக்கர் ஒண்ணு கார்ல போட்டுக்கிட்டா அந்தக் கவலை தீர்ந்தது. இல்லேன்னா வீட்டுலயே புளிக்காய்ச்சல் பண்ணி எடுத்துக்கோங்க, ரவையும் சேமியாவும் வெச்சுக்கோங்க, அந்தக் குளிர்ல சூடா ஒரு சேமியா உப்புமாவுக்கு ஈடே இல்ல. அப்புறம் மேல ஏறும்போது சிப்ஸ் பாக்கெட்டெல்லாம் உப்பி பலூன் மாதிரி ஆயிடும், வெளியில காத்தழுத்தம் குறையறதை பசங்களுக்கு காட்ட அதைவிட நல்ல பாடம் கிடையாது.

ஆனா பாத்திரத்தை ஓடைல கழுவாதீங்க. இதை நான் கெஞ்சியே கேக்கறேன். நம்ம ஊர்ல ஆத்தங்கரைல பாத்திரம் தேய்ச்சு வளர்ந்தவங்க நாம, அதனால தண்ணியைப் பாத்ததும் கை தானா போகுது, எனக்கும் புரியுது. ஆனா அந்த ஓடைல சத்தே இல்லாத பனித்தண்ணி, அதுல எண்ணெயும் சாம்பார் வண்டலும் சோப்பும் கலந்தா சீக்கிரம் மட்காது. பயோடீகிரேடபிள்னு எழுதின சோப்பா இருந்தாலும் அது மண்ணுல மட்கறதுக்குத்தான், தண்ணிக்குள்ள விடறதுக்கு இல்ல. கழுவின தண்ணியை வடிகட்டி, சோத்துப் பருக்கை, கறிவேப்பிலை எல்லாத்தையும் குப்பைப் பையில போட்டுட்டு, மிச்சத் தண்ணியை கேம்ப்கிரவுண்ட்ல சொல்ற இடத்துல ஊத்துங்க. இந்த ஓடை கீழ இறங்கி ஓவன்ஸ் ஆத்தோட சேருது, அந்த ஆத்துத் தண்ணியை 1913லேர்ந்து லாஸ் ஏஞ்சலஸ் நகரம் கால்வாய் வெட்டி 200 மைலுக்கு மேல கொண்டு போய்க் குடிக்குது. அதனால ஓவன்ஸ் பள்ளத்தாக்கு விவசாயிங்க பட்ட பாடு பெரிய கதை, இன்னொரு நாள் அதைப் பேசணும். நாம குடிக்கறதா இருந்தா கேம்ப்கிரவுண்ட் குழாய்ல புடிங்க, ஓடைத் தண்ணின்னா ஃபில்டர் பண்ணுங்க, இல்ல மூணு நிமிஷம் நல்லா கொதிக்க விடுங்க. பளிங்கு மாதிரி தெரிஞ்சாலும் ஜியார்டியாங்கற கிருமி அதுல இருக்கலாம், ஒரு தடவை வயித்துல போனா வாரக் கணக்குல படுத்தும்.

கரடி பத்தி எல்லாரும் கேப்பாங்க. கலிஃபோர்னியாவோட கொடில இருக்கற கிரிஸ்லி கரடி அந்த மாநிலத்துலேர்ந்து நூறு வருஷத்துக்கு முன்னாடியே அழிஞ்சு போச்சு, இப்ப இருக்கறது கருங்கரடி மட்டும்தான். அதுக்கு நம்ம மேல ஆசையில்ல, நம்ம சாப்பாட்டு மேலதான். பேர் பாக்ஸ்னு இரும்புப் பெட்டி வெச்சிருந்தா வாசனை வர்ற எல்லாமே அதுக்குள்ள போகணும், முறுக்கு, ஊறுகாய் மட்டும் இல்ல, டூத்பேஸ்ட், தேங்காய் எண்ணெய், விபூதி டப்பா பக்கத்துல வெச்சிருக்கற சந்தனம் வரைக்கும். கார்ல பூட்டி வெச்சா போதும்னு நினைக்காதீங்க, கதவை உரிச்சு எடுத்துடும். ஒரு கரடி மனுஷச் சாப்பாட்டுக்கு பழகிடுச்சுன்னா கடைசில அதைக் கொல்ல வேண்டி வருது, அந்தப் பாவம் நமக்கு வேணாம்.

சரி, மூணாவது நாள் காலைல நடக்கலாம். மஸ்கிட்டோ ஃபிளாட்ல பார்க்கிங் சீக்கிரம் நிறைஞ்சுடும், ஏழு மணிக்கெல்லாம் அங்க இருங்க. பகல்ல போய்ட்டு வர பர்மிட் வேணாம், ராத்திரி மேல தங்கணும்னா வேணும், ஏன்னா கொஞ்ச தூரத்துலயே ஜான் முயர் வில்டர்னஸ் ஆரம்பிச்சுடுது, 1964ல சட்டம் போட்டு பாதுகாத்த காடு, ரோடு கிடையாது, மோட்டார் கிடையாது. இதுல ஒரு விசேஷம் பாருங்க, நீங்க நடக்கற அந்த ட்ரெயிலே ஒரு காலத்துல லாரி போன ரோடுதான். மோர்கன் பாஸுக்கு அந்தப் பக்கம் பைன் க்ரீக்ல டங்ஸ்டன் சுரங்கம் இருந்துச்சு, அதுக்காகப் போட்ட வழி இது. அதனாலதான் ஏத்தம் தெரியாம போகும், ஊர்லேர்ந்து வந்திருக்கற அப்பா அம்மாவையும் பிரஷர், சுகர் மாத்திரை எல்லாம் டாக்டர்கிட்ட கேட்டுட்டு தாராளமா கொஞ்ச தூரம் கூட்டிட்டுப் போகலாம். மேக் லேக், மார்ஷ் லேக், ஹார்ட் லேக், பாக்ஸ் லேக், லாங் லேக்னு ஒண்ணுக்கு அப்புறம் ஒண்ணா ஏரி வந்துக்கிட்டே இருக்கும், எல்லாத்தையும் கோத்துக்கிட்டு ஓடறது நேத்து ராத்திரி நீங்க பக்கத்துல படுத்திருந்த அதே ஓடைதான். மூணு மைல் போனா சிக்கன்ஃபுட் லேக். அங்க நின்னா பேர் க்ரீக் ஸ்பயர், மவுண்ட் டேட், மவுண்ட் ஆபட்னு 13,000 அடிக்கு மேல இருக்கற சிகரங்க நேரா எதிர்ல நிக்கும், இடுக்குல பனி வெள்ளையா தெரியும்.

இந்த ஏரிகள்ல மீன் புடிக்கறவங்களைப் பாப்பீங்க. உண்மையில சியராவோட உச்சில இருக்கற பெரும்பாலான ஏரிகள்ல ஒரு காலத்துல மீனே கிடையாது, அருவி தடுக்கறதால கீழேர்ந்து ஏறி வர முடியாது. 19ம் நூற்றாண்டுலேர்ந்து மனுஷங்கதான் கொண்டு போய் ட்ரவுட் விட்டாங்க. அந்த மீன் தலைப்பிரட்டையைத் தின்னு, பின்னாடி ஒரு பூஞ்சை நோயும் வந்து, மஞ்சக் கால் தவளைங்க இருந்த இடம் தெரியாம போச்சு, 2014ல அதை அழியும் இனம்னு அறிவிச்சாங்க. இப்ப சில ஏரிகள்ல மீனை எடுத்துட்டு தவளையைத் திரும்ப விடறாங்க, அது நடக்கறதைக் கேக்கும்போது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமா இருக்கு.

வழில பிரியற இன்னொரு பாதை மோனோ பாஸ் போகும், 12,000 அடி. யோசெமிட்டிலயும் இதே பேர்ல ஒண்ணு இருக்கு, குழப்பிக்காதீங்க. இது நல்ல ஏத்தம், பழகின கால்களுக்குத்தான். இந்த மாதிரி கணவாய்கள் வழியாத்தான் பையூட் பழங்குடி மக்கள் மலைக்கு ரெண்டு பக்கமும் வியாபாரம் பண்ணாங்க, கிழக்கேர்ந்து அம்பு முனைக்கான எரிமலைக் கண்ணாடிக் கல்லு போகும், மேற்கேர்ந்து ஓக் மரக் கொட்டை வரும். நமக்கு முன்னாடி எத்தனையோ தலைமுறை நடந்த பாதைன்னு நினைச்சு நடங்க. ஜூலை, ஆகஸ்ட்ல மத்தியானத்துக்கு மேல இடி மின்னல் வரும், மேல மரமே கிடையாது, ஒதுங்க இடமில்ல, அதனால பன்னெண்டு மணிக்குள்ள கணவாயை விட்டு இறங்கிடணும். பஞ்சு மாதிரி மேகம் கோபுரமா வளர ஆரம்பிச்சாலே திரும்பிடுங்க.

எப்ப போறதுன்னு கேட்டா, டியோகா பாஸை பனிக்காலத்துல மூடிடுவாங்க, வழக்கமா மே கடைசி, ஜூன் வாக்குல திறக்கும், 2023ல பனி ஜாஸ்தின்னு ஜூலை 22 ஆயிடுச்சு. பூவும் தண்ணியும் வேணும்னா ஜூலை. எனக்குப் புடிச்சது செப்டம்பர் கடைசி. கொசு இருக்காது, ஓடை இறங்கி தெளிஞ்சிருக்கும், ஈஸ்ட் ஃபோர்க் சுத்தி ஆஸ்பென் மரங்க மஞ்சளாயிடும். அந்த இலைக்கு காம்பு தட்டையா இருக்கும், அதனாலதான் காத்தே இல்லாத மாதிரி இருக்கும்போதுகூட மரம் முழுக்க சலசலக்கும், ஒரு இலையைப் பறிக்காம கீழ விழுந்ததை எடுத்து காம்பை விரலால உருட்டிப் பாருங்க, உருளாது. அந்த சமயத்துல ராத்திரி பாட்டில் தண்ணி உறையும், சில கேம்ப்கிரவுண்டை மூட ஆரம்பிச்சுடுவாங்க, குழாயையும் நிறுத்திடுவாங்க, அதனால கிளம்பறதுக்கு முன்னாடி ரேஞ்சர் ஸ்டேஷனுக்கு ஒரு போன் போட்டு எது திறந்திருக்கு, நெருப்பு மூட்ட அனுமதி உண்டா, ரெண்டையும் கேட்டுக்கோங்க. புக்கிங் ரெக்ரியேஷன் டாட் கவ்ல பண்ணலாம், கோடைக்கு சனி ஞாயிறு மாசக் கணக்குல முன்னாடியே தீர்ந்துடும், திங்கள், செவ்வாய்னு பாத்தீங்கன்னா இடம் கிடைக்கும். ரெண்டு ராத்திரிக்கு கம்மியா மட்டும் போடாதீங்க.

நன்றி, வணக்கம்.