கன்ட்ரோலர் தேர்தலும் நம்ம ஓட்டும்
(கலிஃபோர்னியா தமிழர் கூட்டத்துல பேசினது)

தலைவர் அவர்களே, பொன்னாடை போர்த்திய அண்ணன் அவர்களே, சனிக்கிழமை தூக்கத்தை விட்டுட்டு நம்ம பிள்ளைங்களுக்கு தமிழ் சொல்லித்தர்ற டீச்சர்களே, ஊர்லருந்து வந்து முன்வரிசையில உக்காந்திருக்கிற அப்பா அம்மாக்களே, எல்லாருக்கும் வணக்கம். பத்து நிமிஷம்தான் குடுத்திருக்காங்க. மூணு விஷயம் பேசணும்: கன்ட்ரோலர்னா யாரு, 2014ல என்ன நடந்துச்சு, கேட்பாரில்லாம அரசாங்கத்துக்கிட்ட கிடக்கிற நம்ம பழைய பேங்க் பணத்தை எப்படி வாங்குறது.

ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு எங்க ஆத்தா சொல்லும். இந்த ஸ்டேட்டுல அப்படி அளந்து போடுறவங்கதான் கன்ட்ரோலர். ஸ்டேட்டோட செக் எல்லாம் அவங்க ஆபீஸ்லருந்துதான் போவுது, ஆடிட் பண்றதும் அவங்கதான், அரசு ஊழியர்களுக்கான கால்பெர்ஸ், டீச்சர்களுக்கான கால்ஸ்டர்ஸ்னு ரெண்டு பென்ஷன் போர்டுலயும் அவங்களுக்கு சீட் உண்டு. அந்த ஆளை கவர்னர் நியமிக்கிறதில்ல, நாமதான் ஓட்டுப் போட்டு எடுக்குறோம்.

இப்போ 2014 கதைக்கு வரேன், இதைக் கொஞ்சம் பொறுமையா கேளுங்க. கன்ட்ரோலர் பதவிக்கு ஜூன் மாச ப்ரைமரி, அதாவது முதல் சுற்றுத் தேர்தல், முதல் ரெண்டு இடத்துல வர்றவங்கதான் நவம்பருக்குப் போவாங்க, கட்சி எதுவா இருந்தாலும் சரி. முதல் இடம் ஃப்ரெஸ்னோ மேயர் ஆஷ்லி ஸ்வேரன்ஜின், ரிபப்ளிகன். ரெண்டாவது இடத்துக்குத்தான் அடிதடி! பெட்டி யீ ஒரு பக்கம், அசெம்ப்ளி ஸ்பீக்கரா இருந்த ஜான் பெரஸ் ஒரு பக்கம், ரெண்டு பேரும் டெமாக்ரட், எண்ண எண்ண முன்ன பின்ன மாறிக்கிட்டே இருக்கு, வாரக்கணக்கா எண்ணுறாங்க. ஸ்டேட் முழுக்க விழுந்தது நாப்பது லட்சம் ஓட்டுக்கு மேல. கடைசில பெட்டி யீ எவ்வளவு ஓட்டுல முந்தினாங்க தெரியுமா? 481! பெரஸ் மறுபடி எண்ணச் சொன்னாரு, அப்போ இருந்த சட்டப்படி கேட்டவங்கதான் காசு கட்டணும், எந்தக் கவுன்ட்டி, அதாவது எந்த மாவட்டம்னும் அவங்களே சொல்லலாம். கெர்ன், இம்பீரியல் கவுன்ட்டில ஆரம்பிச்சாங்க, பெருசா ஒண்ணும் மாறல, ஜூலையிலயே விட்டுட்டாரு. நவம்பர்ல பெட்டி யீ ஜெயிச்சு ரெண்டு டெர்ம், 2023 ஜனவரி வரைக்கும், அந்த நாற்காலில இருந்தாங்க.

அந்த ப்ரைமரிக்கு ஓட்டுப் போட்டவங்க, ரிஜிஸ்டர் பண்ணவங்கள்ல நூத்துக்கு 25 பேர் சொச்சம்தான்! இந்த ஹால்ல இருக்கிற சிட்டிசன்கள், அவங்கவங்க வீட்டு ஆளுங்க, ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸ், கோயில்ல பாக்கிறவங்கன்னு கூட்டிப் பாருங்க, 481 தாண்டிடும்.

பேலட் வீட்டுக்கே தபால்ல வருது. கவர்னருக்கு வட்டத்தை நிரப்புறோம், லெஃப்டினன்ட் கவர்னர், செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட், அதுக்கு அடுத்ததுதான் கன்ட்ரோலர். அங்க வந்ததும் பேர் தெரியலன்னு காலியா விட்டுட்டு கவரை ஒட்டிடறோம். ஆத்துல போட்டாலும் அளந்து போடுங்கறோம், அளக்குற ஆளை மட்டும் யாரோ எடுத்துக்கட்டும்னு விடலாமா? 2022ல மலியா கோஹனும் லான்ஹீ சென்னும் நின்னாங்க, கோஹன் 55 சதவீதம் போல வாங்கி ஜெயிச்சாங்க. யாருக்குப் போடுங்கன்னு நான் சொல்ல வரல, அந்தக் கட்டத்தை காலியா விடாதீங்க, அவ்வளவுதான் கேக்குறேன்.

பேங்க் பண விஷயத்துக்கு நேரம் இல்ல, தலைவர் மணியைக் காட்டுறாரு. 2026 ப்ரைமரி ஜூன் 2ம் தேதி. வாசல் பக்கத்துல டேபிள் போட்டிருக்கோம், சிட்டிசன் ஆகியும் ரிஜிஸ்டர் பண்ணாதவங்க சாப்பாட்டுக்குப் போறதுக்கு முன்னாடி அங்க வந்துட்டுப் போங்க. வணக்கம்.